அடுத்த பங்க்ல நிறுத்துறேன்

உக்காருங்க தங்கச்சி. இந்த ஓரத்து நாற்காலிதான் ஆடாது, மத்ததெல்லாம் ஒரு கால் கட்டை. பையை மடியிலயே வச்சுக்கோங்க. தரை துடைக்கிற அம்மா வந்தாங்கன்னா கீழ இருக்கிறதெல்லாம் ஈரமாயிரும். உள்ள யாரு, வீட்டுக்காரரா? கிட்னியில கல்லா? ஆமா, கல்லுன்னா துடிச்சுத்தான் போவாங்க. தண்ணி ஒழுங்காக் குடிச்சிருக்க மாட்டாரு. நான் சொல்லல, டாக்டர் சொல்றாரு. இந்த வராந்தாவுல இப்ப யாருக்கு என்ன சந்தேகம்னாலும் என்கிட்டதான் கேக்குறாங்க. ஒண்ணுக்கு வந்தா அடக்கக் கூடாது. போகும்போது எரிஞ்சாலோ, கலங்கலா நாத்தமா வந்தாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ சும்மா இருக்கக் கூடாது. முதுகுல வலிச்சுக் குளிர்காய்ச்சல் வந்துட்டா மருந்துக்கடையில போயி நிக்கவே கூடாது, நேரா இங்க வந்துரணும். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு.

எனக்கு என் சம்சாரம் உள்ள இருக்கா. பஞ்சவர்ணம்னு பேரு.

நீங்க வாயைத் திறந்ததும் எனக்குத் திக்குனு ஆயிருச்சு. விசாலாட்சின்னு ஒரு அம்மா, அவங்க குரல் அப்படியே இருக்கு உங்களுக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. அந்தம்மாவாலதான் இன்னைக்கு என் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு கிடக்கேன். சொல்றேன், நீங்களும் சும்மாதான உக்காந்திருக்கீங்க.

எனக்கு மதுரை. சோலைராஜுன்னு சொன்னா பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியாது, பேச்சியம்மன் டூர்ஸ்னு சொன்னாத் தெரியும். ஆடியில அம்மன் கோயில், புரட்டாசியில பெருமாள் கோயில், தையில முருகன் கோயில். பஸ்ஸு வாடகைக்கு எடுக்கிறது. ஓட்டுறதுக்கு ஒச்சப்பன், சமைக்கிறதுக்குப் பஞ்சவர்ணம், மைக் பிடிக்கிறதுக்கு நான். ஏறுறதெல்லாம் பொம்பளைங்கதான்.

எங்க டூருக்குன்னு ஒரு பேரு இருந்துச்சு. என் வண்டி போயி எந்தக் கோயில்லயும் நடை சாத்தியிருந்ததே இல்ல. இது லேசுப்பட்ட விஷயம் இல்ல தங்கச்சி. மத்தியானம் நடையைச் சாத்திட்டாங்கன்னா சாயங்காலம்தான் திறப்பாங்க. அதுவரைக்கும் வெயில்ல உக்காந்து கிடந்தா அன்னைக்கு ஒரு கோயில் குறைஞ்சுபோகும். குறைஞ்சா ஊருக்குப் போயி என்ன சொல்லுவாங்க? அதனால நான் ஒரு முறை வச்சிருந்தேன். வண்டி கோயிலுக்கு நிக்கும், சோத்துக்கு நிக்கும். மத்தபடி நிக்காது.

பொம்பளைங்களை இறக்குறது சுலபம், ஏத்துறதுதான் பெரும்பாடு. ஒருத்தி இறங்குனா எல்லாரும் இறங்குவாங்க. போனமா வந்தமான்னு இருக்க மாட்டாங்க. ஒருத்தி பூ வாங்குவா, ஒருத்தி பிளாஸ்டிக் வாளி வாங்குவா, ஒருத்தி மருமகளுக்குப் போனைப் போட்டு மோட்டாரை அமத்துனியான்னு கேப்பா. அதனால வண்டி கிளம்புன உடனேயே மைக்கில சொல்லிருவேன். தாய்மாருங்களே, தண்ணியைப் பாத்துக் குடிங்க, நாக்கு நனைஞ்சாப் போதும்னு. தண்ணி கேனை என் சீட்டுக்குப் பின்னாடிதான் வச்சிருப்பேன். கேட்டாக் குடுப்பேன், குடுக்காம இருந்ததில்ல. அவங்கதான் கேக்க மாட்டாங்க.

அப்படியும் நடுவுல யாராச்சும் எந்திரிச்சு வந்து, அண்ணே, கொஞ்சம் நிறுத்தணும்னு காதோரமாச் சொல்லுவாங்க. மூஞ்சியைச் சுளிக்கவே மாட்டேன். அடுத்த பங்க்ல நிறுத்துறேன், போயி உக்காரும்மான்னு சொல்லுவேன். பெட்ரோல் பங்க்லதான பாத்ரூம் இருக்கு. அடுத்த பங்க் வரும், அது ரோட்டுக்கு அந்தப் பக்கமா இருக்கும். அதுக்கு அடுத்தது வரும், அதுல நாலு லாரி நிக்கும். இப்படியே சொல்லிக்கிட்டு வந்தா கோயில் வந்துரும். இதைப் பொய்யின்னு சொல்ல முடியாது பாருங்க. எப்பவுமே ஒரு அடுத்த பங்க் இருக்கத்தான செய்யுது?

நாங்களா? நானும் ஒச்சப்பனும் டயர் பாக்க இறங்குவோம். அவ்வளவு பேரு ஏறுன வண்டி, காத்து இருக்கான்னு அப்பப்பப் பாத்துக்கணும். ரோட்டோரத்துல புளியமரமாப் பாத்து ஓரங்கட்டுவான். ரெண்டு பேரும் இறங்கி அந்தப் பக்கமாப் போயிட்டு வந்து, டயரை ஒரு தட்டுத் தட்டிட்டு ஏறிருவோம். அது வண்டிக்காகச் செய்யிறது, அதைக் கணக்குல சேக்கக் கூடாது. அந்த இடத்துல பொம்பளைங்களை இறக்க முடியுமா? நாலு பேரு போற ரோடு. அவங்க மானத்தையும் நான்தான பாக்கணும்.

பஞ்சவர்ணம்தான் எனக்குப் பெரிய பலம். ஏறுனா ஏறுனதுதான். முன் சீட்டுல, கரண்டி ஜல்லடையெல்லாம் இருக்கிற சாக்கோட உக்காந்தான்னா எந்திரிக்க மாட்டா. பின்னாடி யாராச்சும் முணுமுணுத்தா மைக்கிலயே அவளைக் காட்டுவேன். இந்தா இருக்கா பாருங்க என் வீட்டுக்காரி, உங்களுக்கெல்லாம் முன்னாடி எந்திரிச்சு, ஆக்கிப் போட்டு, பாத்திரம் கழுவிட்டு ஏறியிருக்கா, இவ நிறுத்தச் சொல்றாளான்னு கேப்பேன். எல்லாரும் அவளைத் திரும்பிப் பாப்பாங்க. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிப்பா. பாராட்டுனா அவளுக்கு வெக்கம்.

ராத்திரி கல்யாண மண்டபத்துல தங்குனாலும் அப்படித்தான். காலையில பாத்ரூம் வாசல்ல வரிசை நிக்கும். இவ அடுப்பை விட்டுட்டு வர முடியாது. எல்லாரும் முடிச்சு, இவ முறை வரும்போது நான் ஹாரன் அடிக்கச் சொல்லியிருப்பேன். கெட்டிக்காரி, அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சா. டூர் கிளம்புறதுக்கு முந்தின நாளே தண்ணியைக் குறைச்சிருவா. சோறு விக்காம இறங்குறதுக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான். நான் சொல்லல, அவளாத்தான் செஞ்சா.

டூர் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா நீர்க்கடுப்புன்னு படுப்பா. சூடு. அடுப்புச் சூடு, இஞ்சின் சூடு, ரெண்டும் சேந்துக்கிரும். கால் பெருவிரல் நகத்துல சுண்ணாம்பு வச்சுக்கிருவா, பார்லித் தண்ணி வச்சுக் குடிப்பா. நானும் கவனிக்காம விட்டதில்ல. இளநி வாங்கிக் குடுத்திருக்கேன். ரொம்ப எரியுதுன்னா மருந்துக்கடையில சொல்லி மாத்திரை வாங்கியாருவேன். ரெண்டு நாள்ல எரிச்சல் அடங்கிரும். மிச்ச மாத்திரையை வீணாக்குறதில்ல. பஸ்ஸு முதலுதவிப் பெட்டியில போட்டு வச்சிருவேன், அடுத்த டூர்ல யாருக்காச்சும் ஆகும். அவளுக்கேதான் ஆகும்.

இதைச் சொன்னதும் இங்க இருக்கிற டாக்டர் எழுதிக்கிட்டிருந்த பேனாவைக் கீழ வச்சுட்டாரு. சின்ன வயசுக்காரரு, என் மகனா இருந்தா இந்த வயசு இருக்கும். சூடும் இல்ல ஒண்ணும் இல்லையாம், கிருமியாம். பொம்பளைங்களுக்கு ஒண்ணுக்குப் போற குழாய் குட்டையாம், அதனால சுருக்கா மேல ஏறிருமாம். தண்ணி குடிச்சுப் போய்க்கிட்டே இருந்தாத்தான் அது கழுவிக்கிட்டுப் போகுமாம். அரைகுறையா மாத்திரை போட்டுப் போட்டு அந்தக் கிருமிக்கு மருந்தே பழகிப்போச்சாம். அப்புறம் ஒரு நர்ஸு வந்து, கழுவுனா முன்னாடியிருந்து பின்னாடி கழுவணும்னு வீட்ல சொல்லுங்கன்னு என்கிட்டச் சொல்லுது. நான் சுவரைப் பாத்துக்கிட்டேன். இதெல்லாம் ஆம்பளைகிட்டச் சொல்ற விஷயமா?

டாக்டர் இன்னொண்ணும் கேட்டாரு. இவங்க வழக்கமா எம்புட்டு நேரம் அடக்குவாங்கன்னு. காலையில ஏறுனா மண்டபம் வந்து சேர்ற வரைக்கும் சார், ஒரு தடவை கூட நிறுத்தச் சொன்னதில்லன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு.

விசாலாட்சிக்கு வர்றேன். சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. சுகர் வேற இருக்கு. இந்த ஆடி டூருக்கு ஏறும்போதே கையில பெரிய தண்ணி பாட்டில். நான் பேரைச் சொல்லாம மைக்கில குத்திக் காட்டுனேன். காதுலயே வாங்கல, குடிச்சுக்கிட்டே வந்தாங்க. துவரங்குறிச்சி தாண்டுனதும் எந்திரிச்சு வந்தாங்க. அடுத்த பங்க்லன்னேன். போயி உக்காந்தாங்க. அந்த பங்க் போச்சு. திரும்ப வந்தாங்க. அடுத்ததுலன்னேன். அதுவும் போச்சு. மூணாவது தடவை என்கிட்ட வரல. நேரா ஒச்சப்பன்கிட்டப் போயிட்டாங்க.

"தம்பி, நீங்க டயர் பாத்த இடத்துலயே எங்களையும் இறக்கிவிட்டிருந்தா இந்தப் பாடு இல்ல. இப்ப வர்ற பங்க்ல நிறுத்துறீங்களா, இல்ல உங்க சீட்டுலயே இருந்துரட்டுமா?"

சத்தமே போடல. சத்துணவுல புள்ளைங்களைச் சாப்பிடச் சொல்ற மாதிரி நிதானமாக் கேட்டாங்க. வாடகை வண்டி, சீட்டு நனைஞ்சா ஓனர்கிட்ட ஒச்சப்பன்தான் பதில் சொல்லணும். நிறுத்திட்டான். என்கிட்ட வேலை பாக்கிறவன், என்னை ஒரு வார்த்தை கேக்கல.

வண்டியே காலியாயிருச்சு. கூச்சமே இல்லாம அம்புட்டுப் பேரும் இறங்கிட்டாங்க. நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். திரும்பிப் பாத்தா பஞ்சவர்ணமும் எந்திரிச்சு நிக்கிறா. சாக்கை ஓரமா வச்சிட்டு, முந்தானையை எடுத்துச் செருகிக்கிட்டு, இறங்குறதுக்கு ஒரு கால் எடுத்து வச்சிட்டா.

நான் ஒண்ணுமே சொல்லல தங்கச்சி. எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடம் அடிச்சுச் சத்தியம் பண்றேன், ஒரு வார்த்தை சொல்லல. பாத்தேன், அவ்வளவுதான்.

உக்காந்துட்டா.

அந்தக் காலி வண்டியில அவ ஒருத்திதான். சாக்கைத் திரும்ப மடியில எடுத்து வச்சு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு நாளா முதுகு வலின்னு சொல்லிக்கிட்டிருந்தவதான். தவலை தூக்குன வலி, போகப் போகச் சரியாயிரும்னு சொல்லியிருந்தேன். எல்லாரும் சேந்து என்னை அவமானப்படுத்துன அன்னைக்கு என் மானத்தைக் காப்பாத்துனவ அவ ஒருத்திதான். எனக்கு அப்படி ஒரு பெருமை. அதை அவகிட்டச் சொல்லவும் செஞ்சேன்.

அன்னைக்கு நாங்க போகும்போது நடை சாத்திட்டாங்க. முதல் தடவை. இதுக்கு யாரு காரணம்னு உங்களுக்கே தெரியும்னு மைக்கில சொன்னேன். விசாலாட்சி கோயில் வாசல்ல உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டே, ஆத்தா எங்கயும் போக மாட்டா, சாயங்காலம் பாத்துக்கலாம்னுட்டாங்க. மத்தவங்களும் சேந்து சிரிக்கிறாங்க.

மறுநாள் ஆடி வெள்ளி. வேற ஒரு மாரியம்மன் கோயில். வாசல்ல பம்பை, உடுக்கை, காது கிழியுது. என் பக்கத்துல நின்ன பஞ்சவர்ணம் கிடுகிடுன்னு ஆட ஆரம்பிச்சிட்டா. பல்லு அடிச்சுக்கிருது, கை கால் உதறுது, கண்ணு சொருகுது. அதுக்கு முன்னாடி அவளுக்குச் சாமி வந்ததே இல்ல. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இத்தனை வருஷமா ஜனங்களைக் கூட்டிக்கிட்டு வந்ததுக்கு ஆத்தா என் வீட்டுக்காரி மேலயே வந்துட்டாளேன்னு கண்ணுல தண்ணி வந்திருச்சு. வேப்பிலையை உருவி அவ கையில குடுத்தேன். மஞ்சத் தண்ணியை எடுத்துத் தலையில ஊத்துனாங்க. அவ இன்னும் கூடுதலா ஆடுறா. நம்ம வண்டிப் பொம்பளைங்க வரிசையா வந்து கால்ல விழுறாங்க. ஒருத்தி, என் மகளுக்கு மாப்பிள்ளை பேசி வச்சிருக்கோம் தாயி, முடிக்கலாமான்னு கேட்டா.

பஞ்சவர்ணம் ஒரே வார்த்தைதான் சொன்னா. நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு. திருப்பித் திருப்பி அதேதான். அந்தப் பொம்பளை அழுதுக்கிட்டே ஊருக்குப் போனைப் போட்டு, நிச்சயத்தை நிறுத்தச் சொல்லிட்டா.

விசாலாட்சி மட்டும் கால்ல விழல. கழுத்துல கையை வச்சுப் பாத்தாங்க. என் பக்கம் திரும்பி, "அண்ணே, இது சாமி இல்ல, காய்ச்சல் கொதிக்குது. இவங்க கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாங்க?"ன்னு கேட்டாங்க. அம்புட்டு ஜனத்துக்கு நடுவுல, ஆத்தா சன்னதியில நிக்க வச்சு என்னைக் கேக்குற கேள்வியா அது? எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணம் ஆனதுலயிருந்து கூடவே இருக்கேன், இதெல்லாம் ஒரு மனுஷன் தெரிஞ்சு வச்சிருக்கிற விஷயமா? தெரியலன்னுதான் சொன்னேன்.

ஒச்சப்பனை விரட்டி, பஸ்ஸையே திருப்பி, எல்லாரையும் ஏத்திக்கிட்டு அந்தம்மாதான் இங்க கொண்டாந்து சேத்தாங்க. மாலை, ஸ்பீக்கர், வேப்பிலையோட டூர் வண்டி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குது. ரத்தம், ஸ்கேன் எல்லாம் பாத்துட்டு டாக்டர், கிட்னி ரெண்டுலயும் சீழ் பிடிச்சிருக்கு, ரத்தத்துல கலந்திருச்சுன்னுட்டாரு.

அன்னைக்கும் மறுநாளும் அவளுக்கு ஒரு சொட்டு ஒண்ணுக்கு வரல. டியூப்பைப் போட்டு, கட்டில் ஓரத்துல ஒரு பையைத் தொங்க விட்டிருந்தாங்க. இப்படியே போனா மிஷின்ல வச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும், அப்பவும் உறுதி சொல்ல முடியாதுன்னாங்க. நான் அந்தப் பையையே பாத்துக்கிட்டு நின்னேன். பயந்து போயிட்டேன் தங்கச்சி. அவ இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது. வீட்ல உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னு கூடத் தெரியாது. ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். புள்ளை கேட்டு, வீடு கேட்டு, வேலை கேட்டு எத்தனையோ பேரை நானே சன்னதியில கொண்டுபோயி நிறுத்தியிருக்கேன். ஒரு பை ஒண்ணுக்கு கேட்டு யாரும் வேண்டிக்கிட்டதாக் கேள்விப்பட்டதில்ல. பை நிறைஞ்சா தீச்சட்டி எடுக்கிறேன்னு சொன்னேன்.

ஆத்தா கேட்டுட்டா. முந்தாநாள் சொட்டுச் சொட்டா வந்துச்சு, நேத்து பை நிறைய. நர்ஸு அதை எடுத்துக்கிட்டுப் போகும்போது நான் கையெடுத்துக் கும்பிட்டேன்னா பாத்துக்கோங்க.

என் வண்டியா? அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க கூட இருந்து அவங்களைப் பாருங்கண்ணே, மிச்சக் கோயிலை நாங்க பாத்துக்கிறோம்னு விசாலாட்சி ஒச்சப்பனைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. என் டூரு, என் பேரு, மைக் அந்தம்மா கையில. நேத்து ஒச்சப்பனுக்குப் போன் பண்ணுனேன். பங்க்குக்குப் பங்க் வண்டி நிக்குதாம். தண்ணி கேன் நடுவுல இருக்காம். எத்தனை கோயில்லடா நடை சாத்துனாங்கன்னு ஆசையாக் கேட்டேன். ஒண்ணு கூட இல்லண்ணே, காலையில அரை மணி நேரம் முன்னாடி கிளம்புறோம், அவ்வளவுதான்னான். பொய். பூவும் வாளியும் வாங்கிக்கிட்டு நடைக்கு முன்னாடி போயிர முடியுமா? என் தொழில் எனக்குத் தெரியாதா?

பரவாயில்ல, நானும் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். புரட்டாசி டூருக்கு முன்கண்ணாடியில, ஆத்தா வந்திறங்கிய வண்டின்னு எழுதப் போறேன். டாக்டர் காய்ச்சல்னுதான் சொல்றாரு. ஆடி வெள்ளியில, உடுக்கைச் சத்தத்துக்கு வர்ற காய்ச்சலை வெறும் காய்ச்சல்னு நான் எப்படி எடுத்துக்கிறது?

இருங்க, என்னையத்தான் கூப்பிடுறாங்க. இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க, இந்தா வந்துர்றேன்.

தங்கச்சி. இல்ல, ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கா. இருங்க, கொஞ்சம் உக்காந்துக்கிறேன்.

காலையில டியூப்பை எடுத்துட்டாங்களாம். இனிமே அவளாப் போகணுமாம். போகலைன்னா திரும்பச் சொருகணும், திரும்பக் கிருமி ஏறும், இப்ப இருக்கிற உடம்பு தாங்காதுன்னு நர்ஸு சொல்லுது. அடிவயிறு கல்லா இருக்கு, அம்புட்டும் உள்ள நிக்குது. பாத்திரத்தை வச்சு, திரையை இழுத்துவிட்டு, கெஞ்சிப் பாத்துட்டாங்க. மாட்டேங்குறா. அவளுக்கு இன்னும் நினைவு முழுசாத் தெளியல, பஸ்ஸுல இருக்கிறதாவே நெனைச்சுக்கிட்டிருக்கா. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, நான் அடக்கிக்கிறேன், நிறுத்தச் சொல்லாதீங்க, அவரு பாப்பாருன்னு சொல்லிக்கிட்டே இருக்காளாம். அவருங்கிறது யாருன்னு நர்ஸு என்னைக் கேக்குது.

நான் காதுகிட்டக் குனிஞ்சு, பஞ்சு, நான்தான், வண்டி நின்னுருச்சு, போயிட்டு வான்னேன். கண்ணைத் திறந்து பாத்தா. அடையாளம் தெரிஞ்சிருச்சு, அதுல சந்தேகமே இல்ல. என்னைத் தெரிஞ்சுதான் சொன்னா.

"அடுத்த பங்க்ல நிறுத்துவீங்கல்ல, அப்பப் போயிக்கிறேன்."

இல்லடி, இப்பவே நின்னுருச்சு, கீழ பாருன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்கிறா. மைக்கில சொல்லும்போது சிரிப்பாளே, அதே சிரிப்பு. வெக்கம்னு சொன்னேன்ல உங்ககிட்ட? கிட்டக்க இருந்து பாத்தா வெக்கம் மாதிரி இல்ல. சத்தியம் பண்ணிச் சொன்னேன். ஆத்தா மேல ஆணையாச் சொன்னேன். யாரு சொன்னாலும் நம்புவா போலருக்கு, நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா.

விசாலாட்சியை விட்டு அவகிட்டப் பேசச் சொல்லலாம்னு ஒச்சப்பனுக்குப் போன் போட்டேன். வண்டி ஓட்டிக்கிட்டிருப்பான், எடுக்கல. விசாலாட்சி நம்பர் என்கிட்ட இல்ல.

நீங்க ஒரு எட்டு உள்ள வாங்க தங்கச்சி. பையெல்லாம் இங்கயே இருக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. சத்தமால்லாம் வேண்டாம். அந்தம்மா குரல் உங்களுக்கு அப்படியே இருக்கு, அவ காதுகிட்டக் குனிஞ்சு, எல்லாரும் இறங்கியாச்சு, நீயும் இறங்கி வான்னு மட்டும் சொல்லுங்க. நான் உள்ள வரல, இந்தக் கதவுக்கு வெளியவே நின்னுக்கிறேன். நான் வந்தா என் மூஞ்சியைப் பாப்பா. பாத்தா உக்காந்துருவா.